பழைய உடுப்பில் தலைக்குப் பாண்ட்: ஒரு கிழமைகூடத் தாங்காதா?

2024 யூன் 8 (ஒருவர் கேட்டது)

தலைமயிர் கட்டுகிற பாண்டைக் கடையில் டசின் கணக்கில் மலிவாகத் தருகிறார்கள். பழைய சட்டையை வெட்டி, ஊசி நூல் தேடி, இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டுச் செய்கிற பாண்ட் ஒரு கிழமைகூடத் தாங்குவதில்லை. நான் மூன்று செய்தேன், மூன்றும் தொளதொள என்று போய்விட்டன. இது வேலையில்லாத ஆட்களின் வேலை என்றுதான் படுகிறது. யாராவது தாங்குகிற மாதிரிச் செய்திருக்கிறீர்களா?

2024 யூன் 8, இரவு

வேலையில்லாத ஆட்கள் என்றதும் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் இன்றைக்குச் சனிக்கிழமை பின்னேரம் முழுக்க நான் செய்தது அதைத்தான். சரி, விடுவோம்.

அக்கா, என் மகளுக்கு 12 வயது. தலைமயிர் இடுப்புக்குக் கீழே நிற்கிறது, அடர்த்தியும் கூட. கடைப் பாண்டைப் போட்டால் மூன்றாவது சுற்றில் அறும், அறாவிட்டால் கழற்றும்போது நாலு மயிரையும் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் இரண்டு வருஷமாக வீட்டிலேயே செய்கிறேன். இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், 23 கிடக்கின்றன. ஆறு என் பழைய பஞ்சாபித் துணியில், நாலு அவரின் சாரத்தில், மிச்சம் எதெதில் வெட்டினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

உங்களுடையது தொளதொளத்ததற்குத் துணிதான் காரணமாக இருக்கும். ரீசேட் துணி, லெகின்ஸ் துணி எல்லாம் பின்னல் துணி, அதுவே இழுபடும், அதை நம்பக் கூடாது. நெய்த துணி எடுங்கள்: பஞ்சாபி, ஹவுஸ்கோட், ஆம்பிளைகளின் சேட்.

நான் செய்கிற முறை இது. 22 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டுகிறேன். அவ்வளவு நீளம் கிடைக்காவிட்டால் இரண்டு துண்டை ஒட்டுப்போடலாம், சுருங்கியபின் மூட்டுத் தெரியாது. நல்ல பக்கம் உள்ளே போகும்படி நீளவாக்கில் மடித்து, கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். மெசின் இருந்தால் ஐந்து நிமிஷம், கையால் என்றால் ஒரு நாடகம் பார்த்து முடிகிற நேரம். பிறகு ஒரு நுனியில் ஊக்கைக் குத்தி உள்ளால் தள்ளிக்கொண்டே போனால் குழாய் புரண்டு நல்ல பக்கம் வெளியே வரும். அதே ஊக்கில் 8 அங்குல இலாஸ்ரிக்கைக் கோத்து உள்ளே விடுங்கள், மயிர் மெல்லிசு என்றால் 7 போதும். இலாஸ்ரிக்கின் மறு நுனியை இன்னொரு ஊக்கால் துணியோடு பிடித்துவைக்க வேண்டும். பிடிக்காமல் விட்டு, நுனி உள்ளே ஓடி, முதலிலிருந்து தொடங்கிய நாட்கள் எனக்கு நிறைய. இரண்டு நுனியும் வெளியே வந்ததும் ஒன்றின்மேல் ஒன்றை அரை அங்குலம் ஏற்றி, பெட்டி போல நாலு பக்கமும் தைத்து, கடைசியில் துணியின் ஒரு வாயை மற்ற வாய்க்குள் சொருகி, சுற்றிவர இறுக்கித் தைத்து மூடிவிடுங்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். தாங்கும்.

2024 யூன் 9

ஒன்று விட்டுப்போய்விட்டது. வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிந்தால், மெழுகுதிரிச் சுவாலைக்குக் கிட்ட இலேசாகக் காட்டுங்கள். உருகி இறுகிவிடும். பள்ளிக்கூட ரிபன் நுனிக்கும் இதுதான்.

2024 யூன் 11

மேலே சொன்ன மெழுகுதிரி விஷயத்தை அப்படியே செய்யாதீர்கள்! ஒரு தங்கச்சி பருத்திச் சட்டைத் துண்டைக் காட்டியிருக்கிறார், அது உருகவில்லை, பற்றியது. துண்டைத் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டுவிட்டு எனக்கு எழுதியிருந்தார். நல்ல காலம், விரலுக்கு ஒன்றுமில்லை. பிழை என்னுடையது. நான் எப்போதும் காட்டுவது பொலியெஸ்டர் துணியும் சாட்டின் ரிபனும், அதனால் எல்லாத் துணியும் அப்படித்தான் என்று எழுதிவிட்டேன்.

எது எந்தத் துணி என்று தெரியாவிட்டால் ஒரு சின்ன நூலை மட்டும் உருவி, கிணற்றடியில், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு, கொளுத்திப் பாருங்கள். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறினபின் கடினமான கறுத்த மணி போல நிற்கும். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து சாம்பலாகும். அசல் பட்டு என்றால் மயிர் கருகிய மணம் வரும், நசித்தால் பொடியாகும், ஏனென்றால் பட்டும் மயிரும் புரதம்தான். உருகுகிற துணிக்கு மட்டுந்தான் மெழுகுதிரி. பருத்திக்கு ஓரத்தை மடித்துத் தையுங்கள். பாண்டுக்கு அதுகூடத் தேவையில்லை, வெட்டு ஓரம் எப்படியும் குழாய்க்கு உள்ளேதானே போகிறது.

இந்தச் சோதனையில் என் வீட்டுக்குள்ளும் ஒரு சண்டை வந்தது. கலியாணத்துக்கு வந்த "பட்டு" ஒன்றில் நூல் உருவினேன். மணி விழுந்தது. யார் தந்தது என்று எழுத மாட்டேன், மாமியார் பகுதி.

2024 யூன் 16

மெசின் இல்லை, ஊசி பிடிக்கவும் வராது என்று கேட்டவர்களுக்கு. பின்னல் துணியை நம்பக் கூடாது என்று முதல் நாள் எழுதினேன், ஆனால் தைக்காமல் செய்ய அதுதான் வசதி. ரீசேட்டைக் கைக்குக் கீழே குறுக்கே வெட்டுங்கள். அந்தக் குழாயிலிருந்து ஓர் அங்குல அகலத்தில் வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி வரும், நூலும் பிரியாது. அப்படி மூன்று வளையத்தை வெட்டி நீட்டி, தலைப் பின்னல் பின்னுகிற மாதிரிப் பின்னி, தலையைச் சுற்றி அளந்து, நுனிகளை முடிந்து, முடிச்சின்மேல் ஒரு துண்டைச் சுற்றி ஒட்டினால் தலைப்பட்டி. அளக்கும்போது தலைச் சுற்றளவைவிட இரண்டு அங்குலம் குறைத்து எடுங்கள். நான் சரியாக அளந்து எடுத்தது ஒரு மணித்தியாலத்தில் மகளின் கழுத்துக்கு மாலையாக இறங்கிவிட்டது. பக்க மூட்டு உள்ள ரீசேட்டில் அந்த மூட்டு சுருளாது, முண்டு முண்டாக நிற்கும். மூட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டிக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது சோக்ஸ். சோடி தொலைந்த சோக்ஸ் இல்லாத வீடு இருக்கிறதா? விரல் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயை ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருட்டிக்கொண்டே போங்கள். நடுவில் ஓட்டையோடு ஒரு வளையம் வரும். குதிரைவால் போட்டு, நுனியை அந்த ஓட்டைக்குள் விட்டு, வளையத்தின்மேல் மயிரைப் பரப்பிச் சுற்றினால் சவரி வைத்த மாதிரிப் பெரிய கொண்டை. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் வடை. "அம்மா, என்ர வடை எங்கை?" என்று மகள் கத்த, வந்திருந்த விருந்தாள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். கறுத்த மயிருக்குக் கறுத்த சோக்ஸ் எடுங்கள். பெடியளின் வெள்ளைப் பள்ளிச் சோக்ஸில் செய்தால் மயிர் இடுக்கால் உழுந்து வடை அப்படியே தெரியும்.

2024 யூன் 19

பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் போடலாமா என்று கேட்கிறார்கள். எங்கே விடுவார்கள்? இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டு, பள்ளி சொன்ன நிறத்தில் ரிபன், அவ்வளவுதான். பாண்ட் எல்லாம் ரியூசனுக்கும் வீட்டுக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரத்துக்குக் குறையாமல் ரியூசனில் இருக்கிறார்கள், அதனால் பாண்டுக்குத் தேவை குறையாது.

பழகுகிறவர்கள் முதல் பாண்டைச் சின்னதாகிப்போன வெள்ளைச் சட்டையில் தையுங்கள். 1993இலிருந்து சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, பிள்ளை வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது, ஆகவே அலுமாரிக்குள் அடுக்கடுக்காகக் குட்டைச் சட்டை இருக்கும். இடுப்புக்குக் கீழே சுருக்குப் பிரித்தால் நல்ல அகலத் துணி. வெட்டிக் கெடுத்தாலும் மனம் நோகாது.

2024 யூன் 23

இன்றைக்கு வேறு ஒரு நினைவு. 1994இல் நான் ஐந்தாம் வகுப்பு. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறி வரத் தடை, பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து டைனமோவில் கேட்ட காலம். படிப்பு ஜாம் போத்தல் விளக்கில், போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அதற்கு மட்டும் எண்ணெய். தலைக்குப் பாண்ட் வாங்க யாருக்கு நினைப்பு வரும்?

அப்போது என் தலைக்கு சைக்கிள் ரியூப்தான். பழைய ரியூபைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக வரும், கரியரில் சாமான் கட்டவும் அதுதான், கொப்பியைச் சேர்த்துப் பிடிக்கவும் அதுதான். அப்பா பிளேட்டால் மெல்லிசாக வெட்டித் தருவார். அம்மா தன் நீலச் சீலையில் ஒரு கரையைக் கிழித்து உறை தைத்துப் போட்டுவிட்டார், வடிவாக இருக்க வேண்டும் என்று. ஆக, இந்த விஷயத்தில் நான் இரண்டு வருஷ அனுபவம் உள்ள ஆள் இல்லை, முப்பது வருஷம்!

2024 யூன் 24

மேலே எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். பிறகு திருத்தினார். கிட்டத்தட்ட எல்லாமே பிழை.

வெட்டியது அப்பா இல்லை, சித்தி. அப்பா பிளேட் பிடித்தால் கை வெட்டுப்படும், சவரத்தோடு சரி. துணி நீலச் சீலை இல்லை, கமக்கட்டில் கிழிந்துபோன நீலப் பிளவுஸின் கை. "சீலையைக் கிழிக்கிறதோ? அந்த நேரத்தில சீலைக்கு எங்கை போறது?" உறை போட்டதும் வடிவுக்கு இல்லை. வெறும் ரியூப் மயிரைப் பிடித்துக்கொண்டு விடாதாம், கழற்றும்போது நான் குளறுவேனாம், அந்தக் குளறல் பொறுக்காமல் சித்தி துணிக்குள் விட்டாவாம். எண்ணெய் ஊறி ரியூப் பிசுபிசுத்தால் அதை எறிந்துவிட்டுப் புது வளையம் விடுவா, உறையைத் தோய்த்துக் காயப்போடுவா, ஒரே நீல உறைதான் ஒன்றரை வருஷம் இருந்தது என்றும் சொன்னார்.

1995 ஒக்டோபர் 30 இரவு இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் போகையில் அதுதான் தலையில் இருந்ததா என்று கேட்டேன். "தலை இழுக்கவே நேரமில்லை, இதுக்குள்ளை பாண்டாம்" என்றார். மழை, சனம், இருட்டு. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

2024 யூலை 13

கேள்வி கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, இரண்டு விஷயத்துக்கு.

முதலாவது, அவர் அக்கா இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளின் அப்பாவாம், மனைவி வெளிநாட்டில், காலையில் இரண்டு தலையும் இழுத்துப் பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது அவர்தானாம். ஐந்து வாரமாக அக்கா அக்கா என்று எழுதியிருக்கிறேன், மனுசன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணை, குறை நினைக்காதீர்கள்.

இரண்டாவது, நான் சொன்னபடி பஞ்சாபித் துணியில், அளவு பிசகாமல், நாலு செய்தாராம். மூன்று வாரத்தில் நாலும் தொளதொள. அதைப் படித்ததும் என் வீட்டு 23ஐயும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், 9தான் உயிரோடு இருக்கின்றன. மிச்சம் 14ம் நான் "பழசு" என்று டப்பாவுக்குள் போட்டுவிட்டு, புதிது புதிதாகத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இரண்டு வருஷமாகப் பாண்ட் தாங்கியது என்று நான் நினைத்தது, தாங்கியதால் இல்லை, தைத்துக்கொண்டே இருந்ததால்.

செத்த ஒன்றைப் பிரித்தேன். துணியில் ஒரு குறையும் இல்லை, சாயம்கூடப் போகவில்லை. உள்ளே இலாஸ்ரிக்கை இழுத்தால் நொறு நொறு என்று ஒரு சத்தம், பிறகு திரும்பி வரவே இல்லை, நாடா மாதிரிக் கிடந்தது. மேல் நூலை ஊசியால் விலத்திப் பார்த்தால் உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பர் இழைகள் சில ஊதிப்போய் வழுவழு என்றும், சில துண்டு துண்டாக அறுந்தும் இருந்தன. மணந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

அவ்வளவுதான் விஷயம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பலம் இழக்கும். நாங்கள் தலைக்குத் தினமும் எண்ணெய் வைக்கிற சனம், ஒரு பொட்டு இல்லை, வழிய வழிய. துணி அந்த எண்ணெயை உறிஞ்சி உள்ளே இலாஸ்ரிக்குக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பிறகு தோய்த்து யாழ்ப்பாணத்து வெயிலில் கொடியில் போடுகிறோம், சூடும் வெயிலும் மிச்சத்தை முடித்துவிடும். துணி, துணி என்று நான் எழுதியதெல்லாம் பாதிதான் சரி. பெரிய குற்றவாளி எண்ணெய்.

2024 யூலை 14

நேற்றையதோடு ஒரு ஒட்டு. லெகின்ஸை முதல் நாள் இளக்காரமாக எழுதினேன் அல்லவா? உயிரோடிருந்த 9இல் 5, மகளின் பழைய கறுத்த லெகின்ஸ் காலைக் குறுக்கே ஓர் அங்குலத்துக்கு வெட்டிய வெறும் வளையங்கள். தைக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை, கத்தரிக்கோலால் நாலு வெட்டு, அவ்வளவுதான். அதில் இழுபடுகிற நூல் ரப்பர் இல்லை, ஸ்பாண்டெக்ஸ், எண்ணெய்க்கு ரப்பரைவிட நன்றாக ஈடுகொடுக்கும். முழங்கால் பக்கம் வெட்டாதீர்கள், அங்கே ஏற்கெனவே இழுபட்டுப் போயிருக்கும். கணுக்கால் பக்கம் நல்லது.

வடிவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் இரண்டு தலை இழுக்கிற அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2024 யூலை 21

தோய்ப்பதைப் பற்றிச் சிலர். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கடினத் தண்ணீர். சவர்க்காரம் போட்டால் நுரையாது, வெள்ளையாகப் படியும், அந்தப் படிவு துணியில் நின்றால் பாண்ட் மொரமொரத்து மயிரைப் பிடிக்கும். நான் சம்பூவில் தோய்த்து, மழைத் தண்ணீர் இருந்தால் அதில் அலசுகிறேன். நிழலில் காய வேண்டும்.

ஈரத் தலையில் இறுக்கிக் கட்டாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஈர மயிர் காய்ந்த மயிரைவிடச் சுலபமாக இழுபட்டு அறும். நெற்றி ஓரம் தினமும் இழுபட்டால் அங்கே மயிர் குறைந்துகொண்டே போகும். என் நெற்றியைப் பார்த்தாலே தெரியும், பள்ளிக்கூடப் பின்னலின் உபயம். என்ன துணியில் செய்தாலும் இறுக்கினால் இறுக்கினதுதான்.

2024 ஓகஸ்ட் 17

நல்லூர்க் கோயில் திருவிழா நடக்கிறது. வீதிக் கடைகளில் கிளிப், பாண்ட், மணி, மாலை என்று மகள் ஒவ்வொன்றாக நின்றாள். கை நிறையப் பொருள், ஒன்றும் வாங்கவில்லை, "இதை நீங்கள் செய்வீர்கள்தானே" என்று திருப்பி வைத்தாள். பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

நடன வகுப்புக்குக் குஞ்சம் கேட்டிருக்கிறாள், பின்னல் நுனியில் மூன்றாகத் தொங்குமே, அது. கடைக் குஞ்சத்தைப் பார்த்தேன், நூல் உருண்டையும் மினுக்கமும்தான். பழைய கூறைச் சீலைத் தலைப்பில் செய்தால் என்ன என்று யோசனை. என் கூறை இல்லை, பயப்படாதீர்கள், எலி கடித்த வேறொன்று. கரையை 3 அங்குல அகலத்தில் வெட்டி, கீழே இரண்டு அங்குலத்துக்குக் குறுக்கு நூலை உருவி எடுத்தால் நேர் நூல் மட்டும் விசிறியாகத் தொங்கும். மேல் பக்கத்தைப் பஞ்சு வைத்துச் சுருட்டி இறுக்கிக் கட்டினால் குஞ்சம். ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது, நூல் உருவுவதுதான் நேரம். மூன்றாவது மற்ற இரண்டையும்விட அரை அங்குலம் குட்டை. ஆடும்போது யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன், ரீச்சர் பார்ப்பா என்றாள்.

சரிகை உள்ள கரையை மட்டும் பாண்டாகத் தைக்காதீர்கள். வேட்டிக் கரையிலும் ஒன்று தைத்துப் பார்த்தேன், தங்க நிறத்தில் அவ்வளவு வடிவு. கழற்றும்போது அந்தச் சரிகை இழை ஒவ்வொன்றிலும் ஒரு மயிர் மாட்டிக்கொண்டு வந்தது. தொங்குகிற குஞ்சத்துக்குச் சரிகை சரி, மயிரைச் சுற்றிப் பிடிக்கிற எதற்கும் சரிவராது.

2024 ஓகஸ்ட் 18

நேற்றுக் குஞ்சம் செய்துகொண்டிருக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்து, செத்த பாண்டுகள் கிடந்த டப்பாவைக் கிளறினார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதுக்கு ஏன் வாயை மூடித் தைச்சனி? பாவாடைக்கு நாடா அறுந்தா பாவாடையையே எறியிறனியோ?" என்றார்.

நான் அப்படியே இருந்துவிட்டேன். உள்பாவாடை. இடுப்பில் மடித்துத் தைத்த குழாய், அதில் ஒரு சின்ன வாய், நாடா பழுதானால் ஊக்கில் கோத்துப் புது நாடா. எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேன். யூன் 24ஆம் திகதி நானே எழுதியிருக்கிறேன், சித்தி ரியூபை மாற்றுவா, உறையைத் தோய்ப்பா என்று. எழுதிவிட்டு, அதற்குப் பிறகும் இரண்டு மாதம் வாயை மூடி மூடித் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் ஓடியது. ஸ்க்ரஞ்சி என்று இப்போது சொல்கிற இந்தச் சுருக்குப் பாண்டுக்கு அமெரிக்காவில் 1987இல் காப்புரிமை கிடைத்தது, ரொம்மி ரெவ்சன் என்ற பாடகிக்கு. மயிரைப் பிடுங்காத ஒன்று வேண்டும் என்று யோசித்தவருக்கு வழி காட்டியது அவருடைய பிஜாமாவின் இடுப்பு. துணிக்குள் ஓடுகிற இலாஸ்ரிக். அதன் பெயர்கூட அவருடைய நாய்க்குட்டியின் பெயரிலிருந்து வந்தது. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப பாவாடைதானே, நான் சொன்னது சரி" என்றார். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே யூன் 8இல் எழுதிய முறையின் கடைசி வரியை மாற்றிக்கொள்ளுங்கள். வாய்களைச் சொருகிச் சுற்றிவரத் தைக்கும்போது முக்கால் அங்குலம் தைக்காமல் விடுங்கள். அந்த இடத்தில் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, முன்கூட்டியே ஒரு தையல் ஓட்டிவிட்டால் பிரியாது. சுருக்குக்குள் வாய் மறைந்துவிடும். இலாஸ்ரிக்கின் நுனிகளைத் தைக்காமல் முடிச்சுப் போட்டால் மாற்றுவது இன்னும் சுலபம், முடிச்சுப் போட ஓர் அங்குலம் கூட்டி வெட்டுங்கள்.

டப்பாவில் கிடந்த 14இல் 11ஐ நேற்று இரவே வாய் பிரித்து எழுப்பிவிட்டேன். செலவு: இரண்டரை யார் இலாஸ்ரிக்.

2024 ஓகஸ்ட் 20

கணக்கில் பிழை என்று ஒருவர் பிடித்துவிட்டார். ஒன்றுக்கு 9 அங்குலம் என்றால் 11க்கு 99 அங்குலம், ஒரு யாருக்கு 36 அங்குலம், இரண்டரை யாரில் 90தான் வரும். உண்மைதான். கடைசி ஒன்றுக்கு இலாஸ்ரிக் போதாமல் லெகின்ஸ் வளையம் ஒன்றைத்தான் வெட்டி விட்டேன், அதை எழுத வெட்கமாக இருந்தது. இப்போது யோசித்தால் அதுதான் எல்லாவற்றிலும் நீண்ட நாள் இருக்கப்போகிறது: மேலே பஞ்சாபித் துணி, உள்ளே லெகின்ஸ். இனி எல்லாம் அப்படித்தான் செய்வேனோ தெரியாது.

2024 செப்டெம்பர் 8

அண்ணையிடமிருந்து செய்தி. தன்னுடைய நாலுக்கும் வாய் வைத்துவிட்டாராம். ஆனால் வாயை இரண்டு அங்குலத்துக்கு விட்டிருக்கிறார், சின்ன மகள் ஓடி விளையாடும்போது இலாஸ்ரிக் வெளியே வந்து வால் மாதிரித் தொங்கியதாம். முக்கால் அங்குலம் அண்ணை, முக்கால்! உங்கள் பெருவிரல் நுனி போகக் கூடாது, ஊக்கு மட்டும் போக வேண்டும்.

வேலையில்லாத ஆட்களின் வேலை என்று எழுதியதை அழிக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நான் இன்னும் 23 என்று பெருமை அடித்துக்கொண்டிருப்பேன்.

2024 ஒக்டோபர் 6

குஞ்சம் நடன வகுப்புக்குப் போய் வந்தது. ரீச்சர் குட்டையைக் கவனித்திருக்கிறா.

நேற்று ரியூசனுக்கு வெளிக்கிடும் நேரம் மகளின் பாண்ட் தொளதொளத்துவிட்டது. நான் குசினியில் நின்றேன், கூப்பிடவில்லை. தானே ஊக்கை எடுத்து, பழைய இலாஸ்ரிக்கின் நுனியில் புதியதைக் கட்டி, பழையதை இழுக்க இழுக்கப் புதியது உள்ளே ஓடி வரும்படி ஒரே இழுவையில் முடித்துவிட்டாள். எனக்கு இந்த வழி தோன்றவே இல்லை, நான் ஒவ்வொரு தரமும் ஊக்கைக் குருடி மாதிரித் தள்ளிக்கொண்டிருந்தேன். எழுதி வைக்கிறேன், செய்து பாருங்கள்.

ஒரே சிக்கல், அவள் உள்ளே விட்டது இலாஸ்ரிக் இல்லை, வீட்டில் முடிந்துவிட்டது. நாடா விட்டு, சுருக்கி, வாயால் இரண்டு நுனியையும் எடுத்துப் பூ மாதிரி முடிந்திருக்கிறாள். நன்றாகப் பிடிக்கிறது, எண்ணெய்க்கும் பயமில்லை. அம்மா காலையிலிருந்து தன் பாவாடை நாடா ஒன்றைத் தேடுகிறார். நான் இன்னும் சொல்லவில்லை.